எம்.ஜி. காமெட் தினசரி ஓட்டத்துக்கு ஆகுமா? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

புதிதாக எம்.ஜி. காமெட் என்ற சின்ன மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதிலிருந்து இங்குள்ள தமிழ் நண்பர்கள் விடாமல் கேட்கிறார்கள். வீடு அல்சூர், அலுவலகம் எலெக்ட்ரானிக் சிட்டி. போகவர நாற்பது கிலோமீட்டர் வரும். பேட்டரி பரிசோதனைதான் என் வேலை. அதனால் சார்ஜிங் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளம்.

அக்கா, பார்க்க பொம்மைக் கார் மாதிரி இருக்கே. நாலு பேர் உட்கார முடியுமா? (பானஸ்வாடியிலிருந்து ஒரு தம்பி)

உட்காரலாம். நீளம் 2,974 மி.மீ., அதாவது பத்து அடிக்கும் குறைவு. பழைய நானோவே 3,099 மி.மீ. இருந்தது. ஆனால் முன்னால் இன்ஜின் கிடையாது, மோட்டார் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த இடமெல்லாம் நம் காலுக்கு வந்துவிடுகிறது. உயரமும் 1,640 மி.மீ. என்பதால் தலை இடிக்காது.

டிக்கி மட்டும் இல்லை என்றே வைத்துக்கொள். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு லேப்டாப் பையும் காய்கறிப் பையும் நிற்கும். சூட்கேஸ் வைக்க வேண்டுமானால் பின்சீட்டை மடக்கியாக வேண்டும். அப்போது ஆள் உட்காரும் இடம் குறைந்துபோகும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டே கதவு என்கிறார்களே, ஏறி இறங்க முடியுமா? (ஆஸ்டின் டவுன்)

அம்மாவை முன்சீட்டில் உட்காரவையுங்கள். பெரிதாகக் குனிய வேண்டியதில்லை, கதவும் அகலம். பின்சீட் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். முன்சீட்டை மடக்கி நகர்த்தி, ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பி, பிறகு அடுத்த காலை இழுக்க வேண்டும். புடவை கட்டியிருந்தால் எனக்கே சிரமம். குழந்தைகள் சட்டென்று ஏறிவிடுவார்கள்.

சில்க் போர்டு நெரிசலில் எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க. (பொம்மனஹள்ளி)

இந்த வண்டியை நான் வாங்கியதே அந்த நெரிசலுக்காகத்தான். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, நிற்கும்போது அதிர்வும் இல்லை. பிரேக்கிங் ரீஜெனரேஷனை (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி) அதிக அளவில் வைத்துக்கொண்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி தானாக வேகம் குறைகிறது. முன்னால் போகும் பஸ்ஸின் தூரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே காலை ஏற்றி இறக்கினால் போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் இடது முழங்கால் வலிக்கவில்லை என்பதைத்தான் முதலில் உணர்ந்தேன்.

திருப்பு ஆரம் 4.2 மீட்டர். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் எதிரே ஆட்டோ வந்தாலும் ஒதுங்கிப் போக முடிகிறது. 42 பி.எஸ். மோட்டார் என்றதும் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முதலிலிருந்தே கிடைப்பதால், சிக்னல் விழுந்ததும் கிளம்புவதில் குறையே இல்லை.

குறை எங்கே என்றால் சாலைப் பள்ளத்தில். சக்கரம் 12 அங்குலம்தான். பெரிய சக்கரம் தாண்டிப் போகும் குழியில் இது இறங்கி ஏறும். அச்சுகளுக்கு நடுவே 2,010 மி.மீ. தூரமே இருப்பதால், ஹம்ப்பில் முன்பக்கம் ஏறி இறங்கியதும் பின்பக்கமும் உடனே தூக்கிப் போடும். ஹம்ப்பைப் பார்த்ததும் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். ஓசூர் சாலை மேம்பாலத்தில் எழுபது, எண்பதில் போகும்போது பக்கக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கத் தோன்றுகிறது. உயரம் அதிகம், அகலம் குறைவு. அப்படித்தான் இருக்கும்.

ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடுது? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? (கே.ஆர். புரம்)

பேட்டரி 17.3 கிலோவாட் மணி. கம்பெனி கணக்கு 230 கி.மீ. ஏ.சி. போட்டுக்கொண்டு நகருக்குள் ஓட்டினால் 170 என்று வைத்துத் திட்டமிடுங்கள். சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீணாவதால், முழுதாக நிரப்ப மீட்டரில் 20 யூனிட் வரை ஓடும். யூனிட் ஏழு ரூபாய் என்றே வையுங்கள், 140 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அதே நெரிசலில் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு எட்டு ரூபாய் ஆகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் வாங்கும் வீடுகளில், அந்த 200-ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். தினம் 40 கி.மீ. வீதம் மாதம் 25 நாள் ஓட்டினால் கார் மட்டும் கிட்டத்தட்ட 120 யூனிட் எடுக்கும். வீட்டுக்கு ஏற்கெனவே 130, 140 ஆகிறதென்றால் சலுகை போய்விடும். கார் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு தருகிறார்கள். பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

மாரத்தஹள்ளியில் வாடகை ஃப்ளாட். அசோசியேஷன் சார்ஜர் போட விடமாட்டேன் என்கிறது. கீழே காமன் ஏரியாவில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்கலாமா?

தயவுசெய்து இழுக்காதீர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதுவும் பூஜ்யத்திலிருந்து நிரம்ப சுமார் ஏழு மணி நேரம், இடைவெளியே இல்லாமல். கீசரும் அயர்ன் பாக்ஸும் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். அதைத் தாங்கும் பிளக் பாயின்ட் இதையும் தாங்கும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. பின் தளர்வாக இருக்கும் இடத்தில் சூடு ஏறி, பிளாஸ்டிக் ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அந்த நிறம் தெரிந்த பாயின்ட்டில் வண்டியைச் செருகவே கூடாது.

செய்ய வேண்டியது இது: உங்கள் மீட்டரிலிருந்தே பார்க்கிங் வரை தனி ஒயர், 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), சரியான எர்த்திங். எலெக்ட்ரீஷியனை எர்த்திங்கை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

அசோசியேஷனிடம் சண்டை போட வேண்டாம். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலிருந்தே மின்வாகனத்தை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் நகலோடு, கரண்ட் செலவு உங்கள் மீட்டரில்தான் விழும் என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அவர்களின் பயம் காமன் பில்லைப் பற்றியதுதான். வாடகை வீடென்றால் ஓனரின் சம்மதக் கடிதமும் சேர்த்துக் கொடுங்கள்.

போன் மாதிரி 80 சதவீதத்தில் நிறுத்தணுமா?

தேவையில்லை. இதில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. இந்த வகையில் மின்னழுத்தம் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கும். அதனால் எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் சரியாகக் கணிக்க முடியாமல் போகும். வாரத்துக்கு ஒருமுறையாவது 100 வரை ஏற்றினால் கணக்கு சரியாகிவிடும், செல்களும் சமநிலைக்கு வரும்.

சேலம் எங்க ஊர். மாசம் ஒருதரம் போகணும். ஆகுமா? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

ஆகாது தம்பி. சேலம் கிட்டத்தட்ட 200 கி.மீ. நெடுஞ்சாலை வேகத்தில் சார்ஜ் இன்னும் வேகமாக இறங்கும். இதில் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங் (நேர்மின்னோட்டத்தில் வேகமாக ஏற்றுவது) கிடையாது. 7.4 கிலோவாட் ஏ.சி. (மாறுமின்னோட்ட) சார்ஜர் உள்ள மாடலே நிரம்ப மூன்றரை மணி நேரம் ஆகும். கிருஷ்ணகிரியில் அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பீர்களா? ஓசூர் போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இவ்வளவு சின்ன வண்டியை ஓட்ட எனக்கு மனமும் இல்லை. ஏர்பேக் இரண்டு உண்டு, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உண்டு, நான்கு பேருக்கும் மூன்றுமுனை சீட்பெல்ட் உண்டு. இருந்தாலும் இது நகருக்கான வண்டி.

நான் ஊருக்கு ரயிலில்தான் போகிறேன். கண்டோன்மென்ட்டிலிருந்து கிளம்பும் கோவை வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. எர்ணாகுளம் இன்டர்சிட்டியும் உண்டு. வீட்டில் ஒரே கார்தான், மாதாமாதம் ஊருக்கும் அதில்தான் போக வேண்டும் என்றால் வேகன் ஆர், டியாகோ மாதிரி பெட்ரோல் வண்டியில் ஏ.எம்.டி. (தானே கியர் மாற்றும்) மாடல் எடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவைதான் போவீர்கள் என்றால் அந்த இரண்டு பயணத்துக்காகத் தினசரி வண்டியைப் பெரிதாக வாங்காதீர்கள்.

மழையில் தண்ணீர் தேங்கினால் ஷாக் அடிக்குமா?

பேட்டரி தண்ணீர் புகாதபடி மூடப்பட்டது. ஷாக் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது தண்ணீரின் ஆழத்துக்கு. சக்கரம் சின்னது, வண்டியும் எடை குறைவு. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் நின்றால் உள்ளே விடாதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஒரு இளம்பெண் இறந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை நேரத்தில் எந்தக் காராக இருந்தாலும் அண்டர்பாஸைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

மஞ்சள் லைன் மெட்ரோ வந்துவிட்டதே, எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கார் எதற்கு?

நியாயமான கேள்வி. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து, அந்த வழியில் வீடு இருப்பவர்கள் மெட்ரோவில் போவதே நல்லது. எனக்குப் பள்ளியில் மகளை விட்டுவிட்டு அலுவலகம் போக வேண்டும், வரும்போது அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும். அதற்குத்தான் கார்.

பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் விலை குறைகிறதாமே?

2024 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்தபோது விலை 4.99 லட்சம், அதோடு கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் அப்போது 6.99 லட்சத்திலிருந்து. வித்தியாசம் 2 லட்சம், அதாவது 80,000 கிலோமீட்டருக்கான வாடகை. அதற்குமேல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சொந்தமாகவே வாங்குங்கள். இப்போதைய விலையைக் கேட்டு இதே கணக்கைப் போடுங்கள். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று நிபந்தனை உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டெப்னி உண்டா?

இல்லை. பங்சர் கிட்தான். ஆணி ஏறினால் சமாளிக்கலாம், டயர் பக்கவாட்டில் கிழிந்தால் வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். டயர் சைஸ் 145/70 ஆர் 12. வாங்கும் முன் உங்கள் ஏரியா டயர் கடையில் அது கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்கணும் அக்கா?

ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வண்டியை உங்கள் வீட்டு பார்க்கிங்குக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு கதவு வண்டிக்குக் கதவு நீளம். இரண்டு தூணுக்கு நடுவே நிறுத்தினால் வண்டி கச்சிதமாக அடங்கும், ஆனால் கதவைத் திறந்து நீங்கள் இறங்க முடியாமல் போகலாம். பக்கத்து வீட்டு வண்டி வழக்கமாக நிற்கும் நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். அப்படியே சார்ஜிங் ஒயர் சாக்கெட் வரை எட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சார்ஜ் செருகும் இடம் வண்டியின் முன்பக்கம் இருக்கிறது. பின்பக்கம் சுவரில் பாயின்ட் வைத்திருப்பவர்கள் வண்டியைத் திருப்பித்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.