பார்படாஸுக்குக் குடும்பத்தோடு: உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கடற்கரையைப் பற்றி. அதை விட்டுவிடுகிறேன், கடல் எங்கேயும் போய்விடாது. கரீபியன் தீவான பார்படாஸில் குடியேறப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்பது இரண்டுதான்: மூத்த பிள்ளைக்கு என்ன வயது? வீட்டில் இன்னொருவர் அங்கே என்ன செய்யப் போகிறார்?

கணவருக்கு பிரிட்ஜ்டவுனில் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்? (வாசகி, கோவை)

மகனை விடுங்கள், நாலு வயதுப் பிள்ளை எந்த ஊரிலும் ஒட்டிக்கொள்ளும். மகளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். அங்கே 11 வயதையொட்டி, வழக்கமாக மே மாதத்தில், ஒரு பொதுத்தேர்வு உண்டு. ஊரில் எல்லோரும் 'லெவன் பிளஸ்' என்பார்கள். ஆங்கிலம், கணக்கு, அப்புறம் ஒரு கட்டுரை. அந்த மார்க்கை வைத்துத்தான் எந்த அரசு மேல்நிலைப் பள்ளி என்பது முடிவாகும். ஹாரிசன் காலேஜ், குவீன்ஸ் காலேஜ் என்று இரண்டு பள்ளிகள் (பெயரில்தான் காலேஜ்). அதில் இடம் கிடைத்த பிள்ளையைப் பற்றித் தெருவே பேசும். நம் ஊர் ப்ளஸ் டூ ரிசல்ட் நாளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படபடப்பு புதிதாக இருக்காது.

இந்தத் தேர்வை எடுத்துவிடப் போவதாக அரசு பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் மகள் எழுத வேண்டிய வருடத்தில் என்ன ஏற்பாடு என்று கல்வி அமைச்சகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒன்பது வயதில் போனால் தயாராக இரண்டு வருடம் இருக்கிறது, போதும். பத்தரை வயதில் கொண்டுபோய் இறக்குவதுதான் பாவம். நம் பிள்ளைகள் கணக்கில் தப்பித்துவிடுவார்கள். கட்டுரையில்தான் இடறும், அங்கே மனப்பாடம் செல்லாது. வகுப்பில் டீச்சர் பேசும் ஆங்கிலம் புரிந்துவிடும். மைதானத்தில் பிள்ளைகள் பேசும் 'பேஜன்' என்ற உள்ளூர் ஆங்கிலப் பேச்சு முதலில் ஒன்றும் புரியாது. மூன்று மாதத்தில் மகள் அதைப் பேசுவாள், உங்களுக்குத்தான் புரியாது.

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. இங்கே ஏப்ரலில் பரீட்சையை முடித்துவிட்டு, கோடையில் வீடு பார்த்து, செப்டம்பரில் சேர்ப்பது நல்லது. மேல்நிலையில் சுமார் 16 வயதில் எழுதுவது சிசெக் தேர்வு. அதை நடத்தும் கரீபியன் தேர்வுக் கழகத்தின் தலைமையகமே பார்படாஸில்தான் இருக்கிறது. இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் எட்டாம் வகுப்போடு திரும்பிவிடுங்கள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயர் பதிவாகிவிடும், பத்தில் நேராக நுழைவது பெரும்பாடு. திரும்பும் தேதி தெரியாதவர்களுக்கு ஐ.பி. எனும் சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளி உண்டு. கட்டணத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள்.

அவர் வேலை பர்மிட்டில் போகிறார். நான் ஆசிரியை. எனக்கும் அனுமதி கிடைக்குமா? (அதே வாசகி)

தானாகக் கிடைக்காது. உங்களை வேலைக்கு எடுக்கும் பள்ளி தனியாக உங்களுக்கு பர்மிட் கேட்க வேண்டும். உள்ளூரில் தகுந்த ஆள் இல்லை என்றும் காட்ட வேண்டும். கணவர் சம்பளம் பேசும்போதே, ஒரே சம்பளத்தில் நாலு பேர் வாழப்போகிறோம் என்று வைத்துப் பேசச் சொல்லுங்கள். கடைச் சாமான் பெரும்பாலும் கப்பலில் வருவது, அதற்குமேல் 17.5 சதவீதம் வாட். பார்படாஸ் டாலர் இரண்டு கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர், பல பத்தாண்டுகளாக அதே விகிதம்தான். மாற்றுக் கணக்கில் மட்டும் தலைவலி இல்லை.

'வெல்கம் ஸ்டாம்ப்' எடுத்து, சென்னைக் கம்பெனி வேலையை அங்கிருந்து பார்க்கலாமா? (வாசகர், தாம்பரம்)

சட்டப்படி பார்க்கலாம். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில் தொடங்கிய திட்டம் இது. 12 மாத அனுமதி, புதுப்பிக்கலாம். வருட வருமானம் 50,000 அமெரிக்க டாலர் எதிர்பார்க்கிறார்கள். அறிமுகமானபோது கட்டணம் தனி ஆளுக்கு 2,000, குடும்பத்துக்கு 3,000 டாலர். இந்த அனுமதியில் இருப்பவர்களுக்கு பார்படாஸ் வருமான வரி கிடையாது, ஆனால் உள்ளூர் வேலை எதையும் தொடக்கூடாது. மருத்துவக் காப்பீடும் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது நேரம். இந்திய நேரம் ஒன்பதரை மணி முன்னால் ஓடுகிறது. சென்னையில் காலை ஒன்பதரைக்கு மீட்டிங் என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. பகலெல்லாம் தூங்கும் அப்பாவோடு பிள்ளைகளுக்குத் தீவு எதற்கு? டொராண்டோக்காரர்களுக்கு இது பொருந்தும்; கோடையில் ஒரே நேரம், குளிர்காலத்தில் ஒரு மணிதான் வித்தியாசம்.

இன்னொன்று, பயண வழி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு பார்படாஸில் குறுகிய காலத்துக்கு விசா வேண்டாம் என்று குதிப்பார்கள். அமெரிக்கா வழியாகப் பறந்தால், விமான நிலையத்தைத் தாண்டாவிட்டாலும், கைக்குழந்தைக்கும் சேர்த்து ட்ரான்சிட் விசா வேண்டும். லண்டன் வழியானால் அதன் விதிகளைத் தனியாகப் பாருங்கள். டிக்கெட் போடும்முன் இதைப் பார்க்காமல் அழுதவர்கள் உண்டு.

மிக்ஸி, கிரைண்டர் எடுத்துப் போகலாமா?

அங்கே மின்சாரம் 115 வோல்ட். நான் கொண்டுபோன மிக்ஸி சட்னிக்குப் போட்ட தேங்காயைக் கிழவி மாதிரி மென்றுகொண்டிருந்தது. வோல்டேஜ் ஏற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் மிக்ஸியின் வாட்ஸைப்போல் இரட்டிப்பாவது தாங்குவதாக இருக்கட்டும். அது செங்கல் கட்டு கனம். அங்கேயே ஒன்று வாங்குவது மேல். சமையலுக்குக் கவலை வேண்டாம்: சேப்பங்கிழங்கை 'எடோ' என்று விற்பார்கள், வெண்டைக்காய் தாராளம். மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டும் 'கூ-கூ' நம் களிக்குச் சொந்தக்காரன். பறக்கும் மீன் குழம்போடு அதுதான் அவர்களுடைய தேசிய உணவு.

கரீபியன் என்றால் இந்தியர்கள் நிறைய இருப்பார்களே?

அது டிரினிடாட், கயானா. குவாடலூப்பில் 1854 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள், மாரியம்மனும் இருக்கிறாள். பார்படாஸுக்கு அந்தக் கப்பல்கள் வரவில்லை. சின்னத் தீவு, ஆள் பஞ்சமே இல்லை. அங்குள்ள இந்தியர்களில் பலர் வியாபாரம் செய்ய வந்த குஜராத்தி முஸ்லிம்கள், சிந்திகள்.

புயல்?

ஜூன் முதல் நவம்பர் வரை சீசன். தீவு வரிசைக்குக் கிழக்கே ஒதுங்கி இருப்பதால் அடி குறைவு. 1955-இல் வந்த ஜேனட்டுக்குப் பிறகு சூறாவளி என்ற பெயரோடு அடித்தது 2021-இல் எல்சாதான். 2024 ஜூலையில் பெரில் தெற்கே நழுவிப் போனபோதும் பிரிட்ஜ்டவுனில் மீன்பிடிப் படகுகளை நொறுக்கிவிட்டது. வீடு பார்க்கும்போது ஜன்னல் ஷட்டரும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறதா பாருங்கள்.

குழந்தைகளுக்கு எதை எடுத்துப் போகக்கூடாது? (வாசகி, திருச்சி)

பட்டாளத்துச் சீருடை மாதிரித் திட்டுத்திட்டாக இருக்கும் 'கேமஃப்ளாஜ்' துணி. சட்டை, தொப்பி, பை, எதுவானாலும் சாதாரண மக்கள் போடுவது அங்கே குற்றம், குழந்தைக்கும் விலக்கு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் மான்சினீல் என்றொரு மரம். அடிமரத்தில் பல இடங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். சின்னப் பச்சை ஆப்பிள் போல காய்க்கும், கடும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். போன முதல் வாரமே பிள்ளைகளைக் கூட்டிப்போய், தள்ளி நின்று, அந்த மரத்தைக் காட்டிவிடுங்கள்.