மேனேஜரைப் போட்டும் சுமை குறையவில்லையே?

கேள்வி: ஒன்பது வருடமாகச் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். விலை சொல்வது, டிசைன் பார்ப்பது, புரூஃப் திருத்துவது, பேப்பர் வாங்குவது, பாக்கி வசூலிப்பது எல்லாம் நான்தான். போன வருடம் ஒரு மேனேஜரைப் போட்டேன். நான்கே மாதத்தில் விலகிவிட்டார். அவர் இருந்தபோது 1,000 பிரதி கையேடு ஒன்று பக்கம் மாறி அச்சாகி, முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். இப்போது வருகிற ஆர்டர்களைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு நாள் லீவு போட்டாலும் போன் ஓய்வதில்லை. 'இன்னொரு ஆளைப் போடு' என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். இன்றே இன்னொருவரைப் போட்டால் போன வருடத்துக் கதை அப்படியே திரும்ப நடக்கும். கடிதத்தைப் படித்தவரையில், மேனேஜரிடம் வேலைகளை ஒப்படைத்திருக்கிறீர்கள். எதுவரை அவரே முடிவெடுக்கலாம், எந்த இடத்தில் உங்களைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் மனதிலேயே இருந்துவிட்டது. வெளியே போக வேண்டியது அதுதான். அது போகாதவரை ஐந்து பேர் இருந்தாலும் பதினைந்து பேர் இருந்தாலும் எல்லோரும் உங்கள் மேஜை முன்னால்தான் நிற்பார்கள்.

அப்படிக் காத்து நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், இணைப்புக்காக அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை 1909-இல் கணக்காக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். ஒரே ஆள், கேள்விகள் நேரங்காலம் இல்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு கேள்வி சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதம் என்றால் 190 நிமிடம். கடைசி ஐந்து சதவீதத்தில் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவதைப் பாருங்கள். நீங்கள் இன்னும் வேகமாக ஓடி இதைச் சரிசெய்ய முடியாது. உங்களிடம் வரும் கேள்விகள்தான் குறைய வேண்டும்.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். வேலை நாள் பன்னிரண்டுக்கு, யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள்: மணி, யார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், எத்தனை நிமிடம் போனது. நீங்கள் சொன்ன பதிலைக் கட்டாயம் எழுத வேண்டும்; பலர் விட்டுவிடுவது அதைத்தான். பன்னிரண்டு நாள் கழித்து ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து முறைக்கு மேல் வந்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே பதிலைச் சொல்லியிருந்தால், அங்கே ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாளில் இறக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் பதில் மாறியிருந்தால் அதை இப்போதைக்கு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கைமாற்ற வேண்டியது அடிக்கடி வருவது, தவறினாலும் பெரிய சேதம் இல்லாதது, திரும்பச் சரிசெய்ய முடிவது. உங்கள் தொழிலில் பேப்பர் வாங்குவது அப்படிப்பட்டது. உதாரணத்துக்கு 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 130 கிராம் எடையுள்ள) ஆர்ட் பேப்பர் நாளைக்கு 400 தாள் செலவாகிறது, ஆர்டர் கொடுத்தால் வந்து சேர 5 நாள், தாமதத்துக்கு 2 நாள் கூடுதல் என்றால் 400ஐ 7ஆல் பெருக்க 2,800 தாள். 500 தாள் கட்டாக வந்தால் ஆறு கட்டு. அடுக்கில் கீழிருந்து ஆறாவது கட்டின் மேல் ஒரு சிவப்பு அட்டையை வையுங்கள். அதில் பேப்பர் பெயர், எத்தனை கட்டு வாங்க வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும். மேலே உள்ள கட்டுகள் தீர்ந்து அட்டை வெளியே தெரிந்த அன்றே ஸ்டோர் பார்ப்பவர் ஆர்டர் போடுவார், உங்களைக் கேட்காமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவு மாறியிருக்கிறதா என்று பார்த்து அட்டையை ஏற்றி இறக்கினால் சரி.

இனி அந்தக் கையேடு. ஆள் சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பக்கம் மாறாமல் இருப்பதற்கு நீங்கள் பார்க்கும் அடையாளம் ஒன்று இருக்கும். கண் பழகிவிட்டதால் அதைச் சொல்லவே தோன்றியிருக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்கள் பெருமளவில் வந்தபோது, அவர்களைச் சீக்கிரம் பழக்குவதற்காக ஒரு பயிற்சி முறை உருவானது. போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. இன்று வழங்கும் வடிவில், ஒரு வேலையை மூன்று பகுதியாக எழுதச் சொல்கிறது அந்த முறை: என்ன செய்ய வேண்டும், அதில் எது முக்கியம், ஏன் முக்கியம்.

சென்டர் பின் அடிக்கும், அதாவது தாள்களை நடுவில் மடித்து மடிப்பிலேயே பின் அடிக்கும் கையேட்டுக்கு எழுதினால் இப்படி வரும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஏனென்றால் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வர வேண்டும். 16 பக்கக் கையேட்டில் 16-ம் 1-ம் ஒரு முகத்தில், 2-ம் 15-ம் மறுமுகத்தில், எதைக் கூட்டினாலும் 17. எங்காவது 17 வராவிட்டால் அங்கே பக்கம் மாறியிருக்கிறது. நிறம் ஓரம்வரை போகும் டிசைனில் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி விட வேண்டும், இல்லையென்றால் கட்டிங்கில் இம்மி விலகினாலும் வெள்ளைக் கோடு விழும். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். பக்கம் அதிகமான கையேட்டில் உள்தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு வரும் என்பதால் இன்னும் கொஞ்சம் உள்ளே. அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. ஒரு வேலைக்குப் பத்துப் பக்கம் எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எழுதியதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். அடுத்து, காரணத்தோடு நீங்கள் செய்து காட்டுங்கள். மூன்றாவதாக அவர் செய்ய வேண்டும். செய்யும்போதே ஏன் இப்படிச் செய்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். கை சரியாகச் செய்து வாய் காரணம் சொல்லத் தடுமாறினால், கொஞ்சம் மாறுபட்ட வேலை வந்த அன்று தவறு நடக்கும். அதன் பிறகு தனியே விட்டு, முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

சரிபார்க்கும் இடத்தையும் மாற்றுங்கள். 1,000 பிரதியும் அடித்து முடித்த பிறகு உங்கள் மேஜைக்கு வந்தால் நீங்கள் கண்டுபிடித்தும் பயனில்லை. முதல் ஒரு பிரதியை மட்டும் அடித்து, மடித்து, பின் அடித்து, வெட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, அந்த வேலையின் விவரம் எழுதும் ஜாப் கார்டில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓட வேண்டும். ஒருவர் ஓட்டுபவர், இன்னொருவர் அந்த வேலையில் கை வைக்காதவர். ஜாப் கார்டில் எண்ணிக்கை, வெட்டிய பின் அளவு, அட்டைக்கும் உள்ளேயும் என்ன பேப்பர், லேமினேஷன் பளபளப்பா மேட்டா, வாடிக்கையாளர் எந்தத் தேதியில் புரூஃபுக்குச் சம்மதம் சொன்னார் ஆகியவை நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலை தொடங்கக் கூடாது. இதில் மட்டும் தயவு காட்டாதீர்கள். அவசர வேலை என்று நீங்களே ஒருநாள் கட்டத்தைத் தாண்டினால் மறுநாளிலிருந்து எல்லோரும் தாண்டுவார்கள்.

விலை விஷயம் உங்களுக்குக் கடைசிவரை விட மனம் வராது. புரிகிறது. அதையும் ஒரேயடியாக விட வேண்டாம். அடிக்கடி வரும் வேலைகளுக்கு ஓர் அட்டவணை போடுங்கள்: பேப்பர், அச்சு, பைண்டிங், ஆள் கூலி, விரயம். விரயத்தை ஊகமாகப் போடாமல், முடிந்த 20 வேலைகளில் எத்தனை தாள் வீணானது என்று எண்ணிப் போடுங்கள். பிறகு தள்ளுபடிக்கு எல்லை: கவுண்டரில் இருப்பவர் 3 சதவீதம்வரை, சூப்பர்வைசர் 5 சதவீதம்வரை, அதற்கு மேல் நீங்கள். இவ்வளவு சிறிய எண்ணா என்று தோன்றலாம். நேரடிச் செலவு போக விற்பனையில் 30 சதவீதம் நிற்கும் தொழிலில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், அதே தொகை மிஞ்சுவதற்கு ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். இந்தக் கணக்கை அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். காரணம் தெரிந்தவர் எல்லையைத் தாண்ட மாட்டார்.

அதிகாரத்தைப் படிப்படியாகக் கொடுங்கள். முதல் படியில், வேலையை ஏற்றவர் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்வார். இரண்டாவதில் 'இப்படிச் செய்யலாம்' என்ற யோசனையோடு வருவார். மூன்றாவதில் செய்துவிட்டுச் சொல்வார். நான்காவதில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் மட்டும் சொல்வார். எந்த வேலையில் யார் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். தொடர்ந்து பத்து முறை உங்கள் திருத்தம் இல்லாமல் முடித்தால் அடுத்த படி.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் இனிதான். மேனேஜர் இருக்கும்போதே மற்றவர்கள் அவரைத் தாண்டி உங்களிடம் வந்திருப்பார்கள். நீங்களும் பழக்கத்தில் பதில் சொல்லியிருப்பீர்கள். அப்படி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருடைய வார்த்தைக்கு மதிப்பு குறையும். எதற்கும் அதிகாரம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் பழி மட்டும் வந்தால் நல்ல ஆள் எவரும் நிலைக்க மாட்டார். இனி பொறுப்பில் இருப்பவரைத் தாண்டி யாராவது வந்தால், 'அவரிடம் கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார்?' என்பதோடு நிறுத்துங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். அவருடைய முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பிறகு தனியே அவரிடம் பேசுங்கள். மற்றவர்கள் முன்னால் மாற்றாதீர்கள்.

பணத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பேப்பர் ஆர்டர் போடுபவரே வந்த சரக்கை எண்ணி, பில்லுக்கும் ஒப்புதல் கொடுக்கக் கூடாது. பாக்கி வசூலிப்பவர் அதைத் தள்ளுபடி செய்யக் கூடாது. வங்கிக் கணக்கை மாதம் ஒருமுறை நீங்களே கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இதைச் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நேர்மையானவர் மீது வீண்பழி விழாமல் காப்பதும் இதுதான்.

இதெல்லாம் நடக்கிறதா என்று தெரிய வாரம் 20 நிமிடம் எல்லோரும் நின்றபடி ஒரு கூட்டம் போதும். நான்கு எண்களைப் போர்டில் எழுதுங்கள்: சொன்ன தேதியில் கொடுத்த வேலைகள், திரும்ப அடித்தவை, கொடுத்த கொட்டேஷனில் ஆர்டரானவை, 30 நாள் தாண்டிய பாக்கி. நாளின் நடுவில் வரும் கேள்விகளுக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மெஷின் நின்றது, யாருக்காவது அடிபட்டது போன்றவை தவிர மற்றது அதுவரை காத்திருக்கும். பாதிக் கேள்விகளுக்கு அதற்குள் அவர்களே விடை கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆள் போடும் கணக்குக்கு இப்போது வரலாம். அதே 30 சதவீதம் நிற்கும் தொழில் என்றால், புதியவரின் மாதச் சம்பளத்தைப் போல மூன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகமாகக் கூடுதல் விற்பனை வந்தால்தான் அந்தச் சம்பளம் ஈடாகும். திருப்பி அனுப்பிய ஆர்டர்களை இரண்டு மாதம் எழுதி வையுங்கள். மாதத்துக்கு அந்த அளவு சேர்ந்தால் தயங்காமல் ஆளைப் போடுங்கள். அதற்கு முன் மூன்று மாதச் சம்பளம் கையிருப்பில் இருக்கட்டும். அவர் வேலை பழகவும் வாடிக்கையாளர் பணம் வந்து சேரவும் அவ்வளவு காலம் ஆகும். உள்ளே இருக்கும் ஐந்து பேரில் ஒருவர் மேலே வரத் தகுதியானவரா என்பதை முதலில் பாருங்கள். அவர் மேலே வந்தால் அவர் இடத்துக்கு ஆள் தேடுவது சுலபம்.

லீவையும் சோதனையாகவே எடுங்கள். முதல் வாரம் அரை நாள், அடுத்து ஒரு நாள், பிறகு மூன்று நாள், நான்கு மாதத்துக்குள் ஒரு முழு வாரம். ஒவ்வொரு முறையும் எது நின்றது, யார் எதற்காக உங்களைத் தேடினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலில் உள்ளதற்கு ஒவ்வொரு விதி எழுதுங்கள். போனிலேயே தீர்த்துவைத்தால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். அடுத்த லீவிலும் அதே போன் வரும்.

'மேடம் இருந்தால்தான் பேசுவேன்' என்கிற பழைய வாடிக்கையாளர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களிடம் போனில் அறிவிக்காதீர்கள். சூப்பர்வைசரை நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். முதல் வேலையில் அவர் உடன் இருந்து கேட்கட்டும், இரண்டாவதில் அவர் பேச நீங்கள் உடன் இருங்கள், மூன்றாவதுக்கு அவர் மட்டும் போகட்டும். வேலை முடிந்த மறுநாள் வாடிக்கையாளரை நீங்கள் கூப்பிட்டு, திருப்திதானா என்று மட்டும் கேளுங்கள். அந்த அழைப்பில் அவர் புது ஆர்டர் சொன்னால் வாங்கிக்கொள்ளாமல், சூப்பர்வைசர் கூப்பிடுவார் என்று சொல்லி வையுங்கள்.