வாசகர் கேள்வி பதில்: போனை எடுக்கிற ஆளுக்கும் காசு கேளுங்கள்

கேள்வி: நாங்கள் மூதூரில் ஒரு சிறிய பெண்கள் அமைப்பு. வீட்டில் அடி வாங்கி வருகிறவர்கள், வன்முறைக்கு ஆளான பிள்ளைகளின் தாய்மார் என்று பலர் எங்களிடம் வருகிறார்கள். குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளைத் தொழில்நுட்பத்தால் மேம்படுத்த அமெரிக்க நீதித் திணைக்களம் மானியம் கொடுக்கிறது என்று ஒருவர் அறிவித்தலைக் காட்டினார். ஒரு செயலி செய்யலாம், விண்ணப்பத்தை நானே எழுதிப் பதிவும் செய்து தருகிறேன், 45,000 ரூபாய் தாருங்கள் என்கிறார். கொடுக்கலாமா?
பெயர் வேண்டாம் என்ற வாசகி, மூதூர்

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு மானியம் இருப்பது உண்மை, ஆனால் அது அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலை செய்கிற அமைப்புகளுக்கானது. 1984இல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்து தனி நிதியம் தொடங்கினார்கள். மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டுகிற அபராதம், பறிமுதலாகிற பிணைப் பணம் போன்றவைதான் அதற்குள் போகின்றன, மக்களின் வரிப்பணம் இல்லை. அதிலிருந்துதான் மாநிலங்களுக்கும் இப்படியான திட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, அந்த மானியங்களுக்கான அரச இணையத்தளத்தில் பதிவு செய்ய ஒரு சதமும் தேவையில்லை. பதிவுக்கென்று காசு கேட்கிறவரிடமிருந்து விலகியே இருங்கள்.

ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள், உங்களுக்கு உதவும். 1993 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் மேரி பைரன் என்ற இளம்பெண்ணை அவளுடைய முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவளை வன்புணர்ந்ததற்காகச் சிறையில் இருந்தவன் பிணையில் வெளியே வந்துவிட்டான், அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று அவளுக்கு 21ஆவது பிறந்தநாள். அடுத்த வருடமே அந்த ஊரில், சிறையிலிருந்து ஆள் வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகவே போன் போகிற ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். பிறகு அது நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. வெறும் ஒரு போன் கோல்தான், ஆனால் சரியான நேரத்தில் சரியான ஆளுக்குப் போனது.

அதனால் செயலியை விட்டுவிட்டு, உங்களிடம் வருகிற பெண் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறாள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வெருகல் பக்கத்திலிருந்து ஒருத்தி வழக்குக்காகத் திருகோணமலைக்கு பஸ் ஏறி வந்து, தவணை போட்டாயிற்று என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்றால், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம், அடுத்த முறை வரவும் மனம் வராது. அவளுக்குத் தேவை வழக்குத் தேதியைத் தமிழில் ஞாபகப்படுத்துகிற ஒரு கோல். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் உரிமை நம் நாட்டின் 2015ஆம் ஆண்டுப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்திலும் இருக்கிறது. அந்த உரிமையை அவள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்கு நிதி கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது கருவிகளுக்கு மட்டும் கேட்காதீர்கள். போனை எடுத்துப் பேசுகிற பெண்ணின் சம்பளம், அவள் மாதக்கணக்கில் இந்தக் கதைகளைக் கேட்டு மனம் நொந்து போகாமல் இருக்க அவளுக்கே ஓர் உளவளத்துணையாளர், ரீலோட் காசு, கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு, எல்லாவற்றையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். மானியம் முடிந்த பிறகு செயலி ஒருவரும் தொடாமல் கிடக்கும், போனில் பேசப் பழகிய ஆள் ஊரிலேயே இருப்பாள்.

தகவல் பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உயிர் போகிற இடம் இதுதான். முதலாவது, அவளுடைய போனை வீட்டில் யார் பார்க்கிறார்கள்? நீங்கள் அன்போடு அனுப்புகிற ஒரு வட்ஸ்அப் செய்தியே அன்றிரவு அவளுக்கு அடி வாங்கிக் கொடுக்கலாம். எந்த நேரத்தில் எடுப்பது, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது, எழுத்தில் எதையாவது அனுப்பலாமா என்று முதல் சந்திப்பிலேயே அவளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் பதிவேடு. எல்லோரும் திறக்கிற ஒரு லப்டொப்பில் கடவுச்சொல் இல்லாத எக்செல் கோப்பாகக் கிடந்தால், அதை நினைத்து நீங்கள் இரவில் நித்திரை கொள்ளக் கூடாது. பெயரை எடுத்துவிட்டோம் என்பதும் போதாது. நம்முடைய ஊர்களில் "பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கை, தையல்காரி, மூன்று பிள்ளைகள்" என்று எழுதினாலே ஆளைத் தெரிந்துவிடும். மூன்றாவது, நன்கொடையாளர். படமும் கதையும் கேட்பார்கள். கொடுக்க மாட்டோம், எண்ணிக்கைகளை மட்டும் தருவோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், நல்ல நன்கொடையாளர் அதை மதிப்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

சரி, காசுக்கு எங்கே போவது? கொழும்பிலுள்ள அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முன்னெடுப்புகளுக்கான நிதியம் இரண்டும் சிறிய அமைப்புகளுக்கும் கை கொடுப்பவை. பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிக்க 1996இல் தொடங்கிய ஐநா அறக்கட்டளை நிதியம் கொஞ்சம் பெரியது, போட்டியும் கடுமை. எங்கே போனாலும் பதிவுச் சான்றிதழ், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, கணக்காய்வு அறிக்கை கேட்பார்கள், இன்றைக்கே தயார் செய்யத் தொடங்குங்கள். ஒரே இடத்தை நம்பியும் இருக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித் திணைக்களம் தன் நாட்டு அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த நூற்றுக்கணக்கான மானியங்களை இடையில் நிறுத்தியது, அதில் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளும் அடிபட்டன.

கேள்வி: நான் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டமாக இந்த மாதிரி ஏதாவது செய்ய ஆசை. எதைச் செய்யலாம்?
மாணவர், நிலாவெளி

பதில்: நல்ல ஆசை. முன் கேள்வியில் வந்ததைப் போன்ற ஓர் அமைப்புக்கு, இணையம் இல்லாமலும் வேலை செய்கிற, பூட்டக்கூடிய ஒரு வழக்குத் தேதிப் பதிவேடு செய்து கொடுங்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் இருக்கட்டும், ஏனென்றால் கந்தளாய், சேருவில பக்கம் போனாலும் அது வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்காதீர்கள், அவர்களோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டாலே போதும். சோதித்துப் பார்க்க உண்மையான வழக்கு ஒன்றையும் எடுக்க வேண்டாம், கற்பனைப் பெயர்களை வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: என் தங்கை மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனை நேரில் பார்க்கப் பயப்படுகிறாள். வேறு வழி உண்டா?
ஓர் அண்ணன், குச்சவெளி

பதில்: உண்டு. நீதிமன்றம் அனுமதித்தால், வேறோர் இடத்திலிருந்து காணொளி இணைப்பு மூலம் சாட்சியம் சொல்ல, முதல் பதிலில் சொன்ன 2023ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாட்சி நாள் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போகலாம். அவனோ அவனுடைய ஆட்களோ மிரட்டினால், பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான தேசிய அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். அவசரம் என்றால் 119, பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. தங்கை தமிழிலேயே பேசலாம், அது அவளுடைய உரிமை. வாக்குமூலம் எழுதியவர் சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.