ஈர மண்ணுக்கு எந்தச் செடி?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சிறு சிமெண்டுத் தொட்டியைக் குளமாக்கியிருக்கிறேன். அதில் நம் மண்ணுக்குரிய எந்தச் செடிகளை வளர்க்கலாம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீர் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் ஓரத்தில் நீர்ப்பிரமியையும் வல்லாரையையும் முதலில் நடுங்கள், வயல் வரப்புகளில் தாமாகவே படரும் இவை கணுக்கள்தோறும் வேர்விடுவதால், ஒரு சாண் கொடி கிடைத்தாலே போதும். நீர்ப்பிரமி நல்ல வெயிலைத் தாங்கும். வல்லாரைக்கு அரைநிழல் ஏற்றது. தொட்டியின் நடுவில், சங்கப் பாடல்கள் கொண்டாடும் நெய்தலின் கிழங்கைக் களிமண் நிரப்பிய சட்டியில் நட்டு இறக்குங்கள். நாளுக்கு 5, 6 மணி நேர வெயில் விழாத இடத்தில் அது சரியாகப் பூக்காது. தொழு உரத்தை மிகுதியாக இட்டால் தண்ணீர் பாசி பிடித்துவிடும். வெங்காயத் தாமரையை மட்டும் அழகுக்காகக்கூட விடாதீர்கள்: தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, சில வாரங்களிலேயே தொட்டியை மூடிவிடுவதோடு, மழை வெள்ளத்தில் வெளியேறினால் ஊர்க் குளத்தையும் அடைத்துவிடும்.