ஓர் அயனி, ஒரு கம்பி

கேள்வி: வைரம் போன்ற கார்பன் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கன அயனியால் (மின்னேற்றம் பெற்ற எடை மிகுந்த அணுவால்) அடித்ததும் எப்படிக் கடத்துகிறது? (மாணவி, கிண்டி)

பதில்: வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களையும் பிணைப்பில் கட்டிப்போட்டிருக்கும். கிராஃபைட்டில் மூன்றுதான் கட்டுண்டிருக்கும், நான்காவது ஓடியாடும். ரிட்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். கிராஃபைட் கலந்த 6பி பென்சிலால் தாளில் அழுத்தித் தீட்டி, இரு முனையிலும் வைத்தால் கிலோ ஓம் கணக்கில் எண் காட்டும். அதே கார்பன்தான்!

100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள யுரேனியம் அயனி படலத்தில் பாயும்போது அணுக்களை இடித்துத் தள்ளுவது குறைவு. வழியிலுள்ள எலக்ட்ரான்களிடம் ஆற்றலைக் கொட்டிக்கொண்டே போகும். அவை அணுக்களைச் சூடாக்க, அந்தப் பாதை மட்டும் கண நேரம் கொதித்து அடங்கும். அடங்கும்போது வைரப் பிணைப்புகளில் பல கிராஃபைட் பிணைப்புகளாக மாறியிருக்கும். மேலிருந்து அடிவரை, 10 நானோமீட்டர் அளவு விட்டத்தில் ஒரு கம்பி! ஓர் அயனிக்கு ஒரு கம்பி என்ற இந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: அப்படியென்றால் நிறைய அயனிகளை அடித்தால் நல்லதுதானே? (பெரம்பூர்)

பதில்: இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடி அயனிகள் விழுந்தால் கம்பிகளுக்கிடையே சராசரி தூரம் 100 நானோமீட்டர். பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறியிருக்கும். அதையே நூறு மடங்காக்கினால் இடைவெளி 10 நானோமீட்டர், கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்புறம் படலம் முழுக்கக் கடத்தும். மேலும் கீழுமாகக் கடத்தி, பக்கவாட்டில் கடத்தாமல் இருப்பதுதான் இதன் அருமை. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கம்பி இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: கண்ணால் முடியாது. மின்சாரம் கடத்தும் ஊசி பொருத்திய அணுவிசை நுண்ணோக்கியால் படலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கம்பியின் தலைமேல் ஊசி வரும்போது மின்னோட்டம் சட்டென்று எகிறும். அந்த இடத்தில் சிறு மேடும் இருக்கும், ஏனென்றால் வைரத்தைவிட கிராஃபைட் அடர்த்தி குறைவு, அதே அணுக்களுக்கு அதிக இடம் வேண்டும்.

கேள்வி: யுரேனியம் படலத்திலேயே தங்கிவிடுமா? (மயிலாப்பூர்)

பதில்: தங்காது. படலம் 100 நானோமீட்டர் போலத்தான் இருக்கும். அயனி அதைத் தாண்டி, அடியிலுள்ள சிலிக்கானில் பல மைக்ரோமீட்டர் ஆழம் போய் நிற்கும்.

கேள்வி: சென்னையிலிருந்து செய்ய முடியுமா?

பதில்: கல்பாக்கத்தில் அயனிகளை வேகப்படுத்தும் 1.7 மெகாவோல்ட் முடுக்கி இருக்கிறது, ஆனால் அந்த வேகம் இதற்குப் போதாது. டெல்லியிலுள்ள பெல்லட்ரான் என்ற பெரிய முடுக்கியை நாடுங்கள். 12 கோடி எலக்ட்ரான் வோல்ட் தங்க அயனிகளால் ஃபுல்லரீன் (கார்பன் அணுக்கள் பந்துபோல் கோத்த மூலக்கூறு) படலத்தில் கடத்தும் கம்பிகள் உருவாகியிருக்கின்றன. முதல் முயற்சிக்கு அதுவே சரி.