மூட்டு மாற்றிய பிறகு வலி: மரப்பு ஊசி பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

மூட்டு மாற்று அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டாக்டர், அம்மாவுக்கு 68 வயது, அடுத்த வாரம் முழங்கால் மாற்று. முதுகில் ஓர் ஊசி, தொடையில் ஓர் ஊசி, மூட்டைச் சுற்றியும் மருந்து என்கிறார்கள். எதற்கு இத்தனை?

முதுகில் போடுவது ஆபரேஷனுக்கு. மூன்று நான்கு மணி நேரத்தில் அது விட்டுவிடும், ஆனால் எலும்பைச் செதுக்கி உலோகம் பொருத்திய வலி முதல் இரண்டு நாள்தான் உச்சத்தில் இருக்கும், மற்ற இரண்டும் அதற்காகத்தான். தொடை நடுவில் ஸ்கேன் பார்த்தபடி நரம்பைச் சுற்றி மருந்து விட்டால் முழங்காலின் முன்பக்கமும் உள்பக்கமும் மரத்துவிடும். பின்பக்கம் அதில் அடங்காது. அதனால் மூட்டைப் பொருத்தும்போதே சர்ஜன் பின்சவ்வு, தசை, தோலடி என்று சுற்றிலும் மருந்தைப் பாய்ச்சுகிறார். சிட்னியில் கெர், கோஹன் என்ற இரு மருத்துவர்கள் மரக்கவைக்கும் ரோபிவகெய்ன், வலி குறைக்கும் கெட்டோரோலாக், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் மூன்றையும் கலந்து இப்படிச் செய்ததை 2008-இல் எழுதினார்கள். அவர்களுடைய நோயாளிகளில் பெரும்பாலானோர் ஐந்தாறு மணி நேரத்தில் துணையோடு நடந்தார்கள். வலி குறைந்தால்தான் பிசியோதெரபிக்கு மனம் ஒத்துழைக்கும், முழங்காலும் மடங்கும்.

மாமாவுக்குப் பல வருடம் முன்பு செய்தபோது மறுநாளும் காலைத் தூக்கவே முடியவில்லை. அதே ஊசிதானா?

இடம் வேறு. அப்போது பெரும்பாலும் இடுப்பு மடிப்புக்குக் கீழே போடுவோம், வலியோடு சேர்த்துத் தொடைத் தசையின் பலமும் போய்விடும். இப்போது கீழே இறங்கிப் போடுவதால் பலம் பெரும்பாலும் மிஞ்சுகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஒரு பாட்டி, பக்கத்தில் தூங்கும் மகளை எழுப்ப மனமில்லாமல் இரவில் தானாகவே பாத்ரூம் போக எழுந்தார், முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார், தையல் பிரிந்தது. தயவுசெய்து மகளை எழுப்புங்கள்.

அப்பா பகல் முழுக்க "வலியே இல்லை" என்றார், ராத்திரி இரண்டு மணிக்கு அழுதுவிட்டார். ஊசி வேலை செய்யவில்லையா?

வேலை செய்தது, அந்த நேரத்தில் முடிந்தது. ஒரு முறை போடும் ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரைதான் தாங்கும். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த இரவுதான், ஏனென்றால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். "வலி இல்லை, மாத்திரை வேண்டாம்" என்று நோயாளி சொல்ல, நாமும் விட்டுவிடுகிறோம், அப்புறம் வலி ஏறிய பிறகு எதைக் கொடுத்தாலும் பிடிக்க நேரமாகிறது. வலி இருக்கிறதோ இல்லையோ, எழுதிக் கொடுத்த பாரசிட்டமாலைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் டாக்டர் இன்னொரு வலி மாத்திரையும் சேர்த்திருப்பார், அதுவும் அப்படியே. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் மரப்பு விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், காலைவரை பொறுக்காதீர்கள்.

இந்த மருந்து இதயத்தைப் பாதிக்குமா? எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

அளவு மீறினால், அல்லது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் யாருக்கும் ஆபத்துதான். ரோபிவகெய்னுக்குப் பலரும் வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு, கிலோவுக்கு 3 மில்லிகிராம். சிட்னிக் கலவை முழங்காலுக்கு வழக்கமாகச் சுமார் 150 மில்லி, அதில் ரோபிவகெய்ன் மட்டுமே 300 மில்லிகிராம். 50 கிலோ உள்ள நம் ஊர் அம்மாவின் வரம்பு 150 தான், அதிலும் தொடை ஊசிக்குப் போன மருந்தைக் கழிக்க வேண்டும். அதனால்தான் எடையை அன்று காலை பார்த்துவிட்டு, நானும் சர்ஜனும் ஒரே கணக்கில் மருந்தைப் பிரித்துக்கொள்கிறோம். ஊசி போட்டதும் நாக்கு மரத்தால், வாயில் இரும்புச் சுவை வந்தால், காதில் இரைச்சல் கேட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு முறிவாகப் பால் போல வெள்ளையாக ஒரு கொழுப்பு மருந்து உண்டு, தியேட்டரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது. இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஸ்டென்டுக்காகச் சாப்பிடும் ரத்தம் இளக்கும் மாத்திரைகளின் பெயரையும் முன்பே சொல்லிவிடுங்கள், முதுகு ஊசிக்கு அது முக்கியம்.

தோள் மூட்டு மாற்றினேன். கழுத்தில் ஊசி போட்டதும் ஒரு கண் இமை தொங்கி, மூச்சும் கனமாக இருந்தது. ஏன்?

தோளுக்குப் போகும் நரம்புகளுக்குப் பக்கத்திலேயே, மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் கண்ணுக்குப் போகும் நரம்பும் இருக்கின்றன, மருந்து அங்கேயும் கசிந்திருக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் சரியாகிவிடும். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு வேறு இடத்தில் போடலாம்.

எத்தனை நாள் மரத்திருந்தால் பயப்பட வேண்டும்?

முழங்கால் தழும்புக்கு வெளிப்பக்கம் தோலில் ஒரு திட்டு மாதக்கணக்கில் மரத்திருக்கலாம், அது ஊசியால் அல்ல, கீறலில் அறுபட்ட சிறு நரம்புகளால். ஆனால் மறுநாள் ஆகியும் பாதத்தை மேல்நோக்கி மடக்க முடியவில்லை என்றால், அல்லது கெண்டைக்கால் வீங்கி வலித்தால், ராத்திரியானாலும் பரவாயில்லை, அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.