ஞாயிற்றுக்கிழமை பில்லை நீங்களே ஏன் கட்டுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 28 வயது. தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையில் வரும் சம்பளம் 34,000 ரூபாய். நண்பர்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் கல்லணை, தரங்கம்பாடி, கோடியக்கரை என்று எங்காவது போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவோம். பாயிண்ட் சேரும் என்பதால் மொத்தச் செலவையும் என் கிரெடிட் கார்டில் செய்துவிடுவேன். அவரவர் பங்கை நண்பர்கள் அன்றிரவே அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் கார்டில் 92,000 ரூபாய் நிலுவை நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். செயலி வழியே வாங்கும் டிஜிட்டல் தங்கத்தில் மாதம் 2,000 ரூபாய் போடுகிறேன்; வங்கியில் 60,000 ரூபாய் வைப்பு நிதி இருக்கிறது. வீட்டில் நிலமும் இருக்கிறது. அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து அடைத்துவிடச் சொல்கிறார். ஒரு செயலியில் ஐந்தே நிமிடத்தில் கடன் தருகிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு வட்டி என்றால் என்ன, சேமிப்பு ஏன் வேண்டும் என்றெல்லாம் நான் விளக்கப்போவதில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கார்டு பில்களையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஊர் சுற்றுவதால் உங்களுக்குக் கடன் வரவில்லை. சுற்றிவிட்டு வந்த இரவில் நீங்கள் செய்யத் தவறும் ஒரு வேலையால்தான் வருகிறது.

தரங்கம்பாடிக்குப் போன ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். கார் வாடகை 5,200, கும்பகோணத்தில் சிற்றுண்டியும் காபியும் 900, மதியம் மீன் சாப்பாடு 2,300, ஆக மொத்தம் 8,400 ரூபாய். தலைக்கு 1,400 வீதம் ஐந்து நண்பர்களும் அன்றிரவு பத்தரை மணிக்குள் 7,000 ரூபாயை அனுப்பிவிட்டார்கள். அந்த 7,000 கார்டுக்குப் போகவில்லை. உங்கள் சேமிப்புக் கணக்கில் உட்கார்ந்து, கைபேசித் தவணை, வண்டிக்குப் பெட்ரோல், மளிகை என்று வியாழக்கிழமைக்குள் கரைந்துவிட்டது. அதாவது உங்கள் பங்கான 1,400 ரூபாய்க்கு மட்டும் அல்ல, நண்பர்கள் நாணயமாகக் கொடுத்துத் தீர்த்த 7,000 ரூபாய்க்கும் சேர்த்து நீங்கள் ஒருவரே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லா ஞாயிறுகளிலும் இதே கதைதான்.

அந்த வட்டி எவ்வளவு? உங்கள் பில்லில் மாதம் 3.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 4.13. நம் பக்கத்துக் கிராமங்களில் மூன்று வட்டிக்குப் பணம் வாங்க எவரும் இருமுறை யோசிப்பார்கள். நீங்கள் நான்கு வட்டிக்கு மேல் கொடுத்துவருகிறீர்கள். 92,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 3,800 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போகிறது. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 4,600. அசலில் குறைவது 800 ரூபாய். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைச் சிற்றுண்டியே விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, பில்லை முழுதாகக் கட்டாதவர்களுக்கு வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது. புதிதாக வாங்கும் காபிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாயிண்ட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாக மதிப்பிட்டாலும் 8,400 ரூபாய்க்கு 84 ரூபாய்தான் வரும். அதே தொகைக்கு ஒரு மாத வட்டி 347 ரூபாய்.

அம்மாவின் சங்கிலியைத் தொடாதீர்கள். வங்கி நகைக்கடன் வட்டி கார்டு வட்டியைவிட மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஜூன் 12 ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்து, குறுவைக்கு உழவும் நாற்றும் உரமும் ஒரே நேரத்தில் பணம் கேட்கும்போது டெல்டாக் குடும்பங்கள் கைவைப்பது அந்த நகையில்தான். உங்கள் வீட்டிலும் நிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயிருக்கு இருக்க வேண்டிய நகை மீன் சாப்பாட்டுக்காக அடகுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. செயலிக் கடனோ, ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டுவது. கார்டு நிலுவை தீர்ந்ததும் அடுத்த ஞாயிறே அதைத் தேய்ப்பீர்கள், அப்போது இரண்டு கடன்கள் இருக்கும்.

வைப்பு நிதியை முறியுங்கள். ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்றால் அந்த 60,000 மாதம் சுமார் 325 ரூபாய் ஈட்டுகிறது. அதே 60,000 கார்டில் நிலுவையாக நிற்பதற்கு 2,480 ரூபாய் கொடுக்கிறீர்கள். முன்கூட்டி முறிப்பதற்கு வங்கி வட்டியில் கொஞ்சம் பிடிக்கும், அதற்காகத் தயங்க வேண்டாம். மீதி 32,000. குறைந்தபட்சத் தொகையாகக் கட்டிவந்த 4,600, டிஜிட்டல் தங்கத்தின் 2,000, மாதம் நான்கு பயணங்களை இரண்டாகக் குறைத்தால் எப்படியும் மிஞ்சும் 2,400 ஆகியவற்றைச் சேர்த்தால் 9,000 ஆகிறது. நான்கே மாதத்தில் கடன் தீரும். அதன் பிறகு அதே 9,000 ரூபாயை ஏழு மாதம் போட்டால் வைப்பு நிதியும் பழையபடி வந்துவிடும்.

டிஜிட்டல் தங்கத்தை நிறுத்தச் சொல்வதற்குக் கடன் மட்டும் காரணம் அல்ல. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடுகிறது; அது தன் கட்டுப்பாட்டுக்குள் வராத பொருள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. விளம்பரம் அழகாக இருக்கிறது என்பதற்காக இதில் பணம் போடும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நண்பர்களை விட்டுவிட வேண்டாம். தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டை மதிலில் ஆறு பேரும் காற்றுக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அப்படி ஒரு மாலை வேண்டும்தான். ஆனால் பில் கட்டும் பொறுப்பை இந்த நான்கு மாதத்துக்கு வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் பங்கை மட்டும் அவருக்கு அனுப்புங்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அன்றிரவே பணம் அனுப்புகிறவர்கள் இதையும் புரிந்துகொள்வார்கள். மயிலாடுதுறை வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போனால் கார் வாடகையும் மிச்சம். பின்னாளில் மறுபடி நீங்களே கட்ட நேர்ந்தால், நண்பர்களின் பணம் வந்த அந்த இரவே அதைக் கார்டுக்குச் செலுத்திவிடுங்கள். பில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலுவை முழுவதையும் கட்டிய அடுத்த மாதமும் சில நாள் வட்டி என்று ஒரு சிறு தொகை பில்லில் வரும். தவறு என்று நினைத்து விட்டுவிடாமல் அதையும் கட்டிவிட்டு, நிலுவை பூஜ்யம் என்று காட்டும் பில் வருகிறதா என்று பாருங்கள்.